மெனு அட்டையின் பின்பக்கம்

சனிக்கிழமை காலையில் கறிவேப்பிலை வாங்க லாங்லி பார்க் போய் வருவது எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகர எல்லையிலிருந்து சில மைல் தள்ளி, யுனிவர்சிட்டி பூலவார்டும் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூவும் சந்திக்கும் நாற்சந்தியைச் சுற்றி அமைந்த ஊர் அது. ஊர் என்று சொன்னாலும் கண்ணில் படுவதெல்லாம் வாகன நிறுத்தங்களும், அவற்றின் ஓரமாக வரிசையாக நிற்கும் தாழ்ந்த கூரைக் கடைகளும்தான். இந்திய மளிகைக் கடை, புடவைக் கடை, தென்னிந்திய சைவ உணவகம் என்று நம் ஆட்கள் தேடி வரும் இடங்கள் அந்த வரிசைகளில் உண்டு. அவற்றுக்கு இடையிலும் எதிரிலும் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டவரின் பேக்கரிகளும், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளும், சிறிய உணவகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எண்ணிக்கையில் அவர்கள்தான் அங்கே வீட்டுக்காரர்கள். நாங்கள் வந்து போகிறவர்கள்.

அந்த உணவகங்களில் ஒன்றில் முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் மெக்ஸிகோ உணவு சாப்பிட்டோம். பெயர்ப்பலகையில் மெக்ஸிகோவின் பெயர் பெரிதாகவும் சால்வடாரின் பெயர் அதற்குக் கீழே சிறிதாகவும் எழுதப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் உறையிட்ட மெனு அட்டையின் முன்பக்கத்தில் புரிட்டோ, பஹீட்டா, நாச்சோஸ் ஆகியவை வண்ணப் படங்களோடு இருந்தன. அவற்றைச் சாப்பிட்டோம், பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டோம், காசு கொடுத்துவிட்டு வந்தோம். சுற்றியிருந்த மேசைகளில் யாருமே புரிட்டோ சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆனது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒளிரும் மஞ்சள் மேலங்கியுடன் கட்டட வேலையிலிருந்து வந்தவர்கள், தேவாலயத்திலிருந்து குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், கைபேசியில் பேசியபடி தனியாக உண்ணும் பெண்கள் என்று எல்லோருடைய தட்டிலும், உள்ளங்கையை விடச் சற்றே பெரிதாக, ஆங்காங்கே கருகிய புள்ளிகளோடு தடித்த ஒரு வட்டம் இருந்தது. புபூசா என்ற அந்தப் பண்டம் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கத்தில் படங்கள் கிடையாது.

இந்த ஏற்பாட்டை நாம் குறை சொல்ல முடியாது. சால்வடார்க்காரர்கள் வாஷிங்டன் வட்டாரத்தில் கடை திறக்கத் தொடங்கிய காலத்தில் அமெரிக்க வாடிக்கையாளருக்குப் புபூசா என்றால் என்னவென்று தெரியாது, டாக்கோ தெரியும். ஆகவே தெரிந்த பெயரை வாசலில் மாட்டிவிட்டுத் தங்கள் உணவைப் பின்பக்கத்தில் வைத்தார்கள். சேலத்துக்காரர் நடத்தும் கடையிலும் பட்டர் சிக்கனும் நானும் முதல் பக்கத்தில் நிற்பதை நாம் பார்க்காதவர்களா? அங்கே போய் அவற்றையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தமிழ்ச் சமையல் சுமார்தான் என்று எழுதுகிறவரிடம் எனக்கு வரும் எரிச்சலை, இந்தக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகளாக என்னிடம் காட்டாமல் இருந்திருக்கிறார்.

அட்டையைத் திருப்ப வைத்தது ஒரு மழை நாள். கூட்டமாக இருந்ததால் கல்லுக்கு எதிரே உள்ள உயர்ந்த இருக்கையில் உட்கார வேண்டி வந்தது. பணம் கட்டும் மேசைக்குப் பின்னால் தோசைக்கல்லைப் போல மூன்று மடங்கு அகலமான இரும்புத் தகடு. அதன் முன்னே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மற்றவர்கள் அவரை 'நின்யா' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குச் சிறுமி என்று பொருள். ஆனால் எல் சால்வடாரில் வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லும் அதுதான் என்பது பிறகு தெரிந்தது. நம் வழக்கில் அக்கா என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அக்காவின் கைகளைத்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீரும் சிறிது எண்ணெயும் கலந்த கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் விரல்களை நனைத்து, மக்காச்சோள மாவிலிருந்து எலுமிச்சையைவிடப் பெரிய உருண்டை ஒன்றைப் பிய்த்து, கட்டைவிரலால் குழித்துக் கிண்ணம் போலாக்கி, அதற்குள் பூரணத்தை வைத்து, விளிம்புகளை மேலே இழுத்து மூடி, மிஞ்சிய மாவை ஒரு திருகு திருகிக் கிள்ளி எடுத்தார். இதுவரை எங்கள் வீட்டுக் கொழுக்கட்டையும் போளியும் போகும் வழிதான். அதற்குப் பிறகு வழி பிரிந்தது. இலையில் வைத்துத் தட்டாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டலுக்கும் கால் சுற்றுத் திருப்பி, காற்றிலேயே வட்டமாக்கினார். யாரோ நிதானமாகக் கை தட்டுவது போன்ற அந்த ஓசை, தொலைக்காட்சியின் கால்பந்து வர்ணனைக்கு அடியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்லில் விழுந்ததும் ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு விட்டு, அதன் வழியே பாலாடைக்கட்டி வழிந்து, இரும்பில் பட்டுப் பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகி மொறுமொறுவென்று உறைந்தது. அது தவறு அல்ல. அந்தக் கருகல் இல்லாத புபூசாவை அங்கே யாரும் மதிப்பதில்லை.

அன்று நான் கேட்டது 'ரெவுவெல்தா'. கலந்தது என்று பொருள். மசித்த சிவப்புக் காராமணி போன்ற பீன்ஸ், கேசீயோ எனப்படும் நூல் போல இழுபடும் பாலாடைக்கட்டி, அரைத்துப் பக்குவப்படுத்திய பன்றி இறைச்சியான சிச்சரோன் ஆகிய மூன்றும் சேர்ந்த பூரணம் அது. கத்தியும் முட்கரண்டியும் எடுத்து வெட்டத் தொடங்கினேன். பரிமாறும் பெண் பக்கத்தில் வந்து நின்று, விரல்களைக் குவித்துக் காட்டிச் சிரித்தார். கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டிய பண்டத்தை ஒரு தமிழன் கரண்டியால் குத்திக்கொண்டிருக்க, அதைக் கையால் சாப்பிடு என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. அன்றிலிருந்து முன்பக்கத்துக்கு நான் திரும்பவில்லை.

தட்டோடு வருவது இரண்டே இரண்டு துணைகள். ஒன்று, தண்ணீராக இருக்கும் தக்காளிச் சாறு. மற்றொன்று குர்த்திதோ: மெல்லிதாகச் சீவிய முட்டைக்கோசு, கேரட், வெங்காயம், ஓரிகனோ, வினிகர் சேர்த்து ஊறவைத்தது. நாங்கள் போகும் கடையில் அதைத் தட்டில் அளந்து வைப்பதில்லை. ஒவ்வொரு மேசையிலும் பெரிய ஜாடி நிறைய வைத்து, இடுக்கி ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ளும் வரை, எங்கள் ஊர் மெஸ்ஸில் சாம்பார் வாளியை எதிர்பார்த்துக் கை காட்டுவது போல நான் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். புபூசாவின் மேல் குர்த்திதோவைக் குவித்து, தக்காளிச் சாற்றை ஊற்றி, சூடு குறைவதற்குள் பிய்த்து எடுக்க வேண்டும். கொழுப்பும் மாவுமாக நாக்கில் கனக்கும் கவளத்தைப் புளிப்பும் மொறுமொறுப்பும் தூக்கிவிடுகின்றன. குர்த்திதோ இல்லாமல் இரண்டைத் தின்பது கடினம். அது இருந்தால் மூன்றாவது தானாக உள்ளே போகும்.

காரம் கிடையாது. மெக்ஸிகோவுக்கு அடுத்த தெரு போன்ற நாடு என்பதால் நம்மவர்கள் மிளகாயை எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறார்கள். என்னுடன் வந்த நண்பர் ஒருவர் பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நான் தடுக்கவில்லை, ஆனால் அவரை மீண்டும் அழைத்துப் போகவும் இல்லை. மக்காச்சோளத்துக்கு என்று ஒரு மணம் இருக்கிறது. ஈர மண்ணும் சுண்ணாம்பும் கலந்தது போன்ற அந்த மணம் காரத்தின் அடியில் காணாமல் போய்விடும்.

சுண்ணாம்பு என்று உவமைக்காகச் சொல்லவில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, மேல்தோலைக் கழுவி நீக்கிய பிறகுதான் அரைக்கிறார்கள். மத்திய அமெரிக்கப் பழங்குடிகள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை இது. தானியத்தில் உடலுக்கு எட்டாமல் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்னும் சத்தை அது விடுவிக்கிறது. இந்த முறையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய் அதையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்கள் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோயால் மடிந்தார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்திருந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் புபூசா செய்வதற்கு, ரொட்டிக்காக வைத்திருந்த வடஇந்திய மக்காச்சோள மாவைப் பிசைந்தேன். உருண்டை பிடிக்கும்போதே விரிந்தது; பூரணம் வைத்ததும் பிளந்தது; கல்லில் போட்டதும் உப்புமாவாகிவிட்டது. சுண்ணாம்பில் வெந்த மாவுக்குத்தான் அந்த ஒட்டும் தன்மை வரும் என்பதை எந்தக் கட்டுரையையும்விட அந்தக் கல் தெளிவாக எடுத்துச் சொன்னது. அக்காவிடம் சொன்னபோது, கடையில் தாங்களே பொட்டலத்தில் வரும் பதப்படுத்திய மாவைத்தான் பிசைகிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் போதவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். முழுவதுமாக விட்டுக் கொடுக்கிறவர்கள் அல்ல சமையல்காரர்கள்.

கடையின் சுவரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று கடற்கரை. மற்றொன்று கண்ணாடி அணிந்த பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. 1980 மார்ச் 24 அன்று, எல் சால்வடாரின் தலைநகர் சான் சால்வடாரில் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவர். 2018இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது, இத்தனை பேர் ஏன் இங்கே வந்தார்கள் என்ற கேள்விக்கு வேறு விடை தேட வேண்டியதில்லை. 1992 ஜனவரியில் மெக்ஸிகோ நகரத்துச் சபுல்டெபெக் அரண்மனையில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நீண்ட எல் சால்வடாரின் உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய 75,000 பேர் இறந்தார்கள். ஆனால் வாஷிங்டனுக்கு முதலில் வந்தவர்கள் போருக்கு முன்பே வந்த பெண்கள். 1960களிலும் 70களிலும் தூதரக அதிகாரிகளின் வீடுகளில் சமைக்கவும் குழந்தை பார்க்கவும் வந்தவர்கள், பிறகு தங்கள் ஊராரை ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். நாட்டின் கிழக்குக் கோடியில் லா உனியோன் மாவட்டத்தில் உள்ள இன்டிபுகா என்ற சிற்றூரின் பெயர் இந்த வட்டாரத்துச் சால்வடார்க்காரர் பலருக்குத் தெரியும். அந்த ஊரில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

போரில் தப்பி வந்தவர்களை அமெரிக்க அரசு எளிதில் அகதிகளாக ஏற்கவில்லை. கொல்லும் அரசுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது தானே என்பதால் அவர்களை அகதிகள் என்று ஒப்புக்கொள்வது அதற்குச் சங்கடமாக இருந்தது. 1984இல் புகலிடம் கேட்ட சால்வடார்க்காரர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை. பின்னர் 2001 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எல் சால்வடாரில் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களை அடுத்து, தற்காலிகப் பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே தங்கி வேலை செய்ய ஓர் அனுமதி வந்தது. பெரும்பாலும் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுவது. நீட்டிக்கப்படுமா என்ற அச்சத்தோடே அதை நம்பி வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. எங்கள் மேசைக்குப் பரிமாறும் பெண் அந்த அனுமதியில் இருப்பவர் என்பதை ஒரு நாள் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, ஜாடியில் குர்த்திதோ குறைந்திருப்பதைப் பார்த்து, புதியதை எடுத்து வரப் போய்விட்டார். கொழும்பிலிருந்து 1983க்குப் பிறகு புறப்பட்டு டொரன்டோவில் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருமுறை இங்கே வந்து சாப்பிட்டபோது, உணவைப் பற்றி எதுவும் பேசாமல் சுவரில் இருந்த ரொமேரோவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி பின்பக்கத்தின் மற்ற வரிகள். யூக்கா பொரியல் என்று எழுதியிருப்பது நம் மரவள்ளிக்கிழங்கு. எங்கள் ஈரோட்டுப் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். நம்மிடம் அது கடல் கடந்து வந்தது, அவர்களிடம் மண்ணிலேயே இருந்தது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1976இல் தற்செயலாக வெளிப்பட்ட, எல் சால்வடாரின் ஹோயா தெ செரேன் என்ற கிராமத்தில், அகழ்வாய்வாளர்கள் 2007இல் மரவள்ளிப் பாத்திகளையே வரிசை மாறாமல் கண்டெடுத்தார்கள். தட்டில் இருப்பது அதன் வாரிசு; வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. குடிப்பதற்கு 'என்சலாதா' கேட்டால் சாலட் வராது; அன்னாசியும் ஆப்பிளும் பொடியாக நறுக்கி மிதக்கும் பழச்சாறு வரும், அதில் முந்திரிப்பழத் துண்டும் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைக் கீழே போட்டுவிடும் நமக்கு அது சற்று உறுத்தும். சோறும் பீன்ஸும் சேர்த்து வதக்கியதற்குக் கசமியெந்தோ என்று பெயர். கல்யாணம் என்று பொருள். மாட்டுக்கால் சூப் வார இறுதியில் மட்டும். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். புரட்டாசி சனிக்கிழமை, ஆகவே கவுச்சி கிடையாது. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்த களைப்பில் அந்தக் கடைக்குள்ளேயே அழைத்துப் போனேன். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களா என்று விசாரித்தேன். இங்கே எண்ணெய்தான் என்றார்கள். எல்லாக் கடையிலும் அப்படி அல்ல, கேட்டுக்கொள்வது நல்லது. அதே கல்லில்தானே கறியும் சுடுகிறார்கள் என்று அம்மா தயங்கியதைக் கண்டு, அக்கா ஒரு மூலையைச் சுரண்டித் துடைத்துக் காட்டினார். கறி இல்லாதவற்றைப் பரிமாறும் பெண் விரல்விட்டு எண்ணினார்: வெறும் பாலாடைக்கட்டி, லொரோக்கோ என்னும் கொடியின் பூமொட்டு சேர்த்தது, பூசணி, மோரா.

“மோரா? மோரு ஊத்திச் சுடுவாங்களா கண்ணு?” என்றார் அம்மா.

ஸ்பானிய அகராதிப்படி மோரா என்றால் ஒருவகைப் பழம். இனிப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிட்டது. அம்மா ஓரத்தைப் பிய்த்து, வெண்ணெய் போல இழுபடும் பாலாடைக்கட்டியைச் சந்தேகமாகப் பார்த்து, உள்ளேயிருந்த கரும்பச்சை இலையை மட்டும் தனியே எடுத்து நாக்கில் வைத்தார். மென்றார். இன்னொரு துணுக்கை எடுத்து விரல்களுக்கிடையே விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது நம்ம சுக்குட்டித் தழையாட்டல்ல இருக்குது” என்றார்.

சுக்குட்டி என்பது கோவை, ஈரோடு வட்டாரத்தில் மணத்தக்காளிக்குப் பெயர். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அம்மா தரும் முதல் மருந்து. நானும் ஒரு துணுக்கை எடுத்து மென்றேன். முதலில் பச்சை வாசனை, பின்னால் தொண்டையில் மட்டும் ஏறும் அந்தச் சன்னமான கசப்பு, ஐயமில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில், எல் சால்வடாரில் மோரா என்று கீரையாகச் சமைப்பதும் நம் மணத்தக்காளியும் சொலானம் பேரினத்தில் ஒரே கொத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள் என்று தெரிந்தது. ஐந்தாறு ஆண்டுகள் அந்த வரியைக் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன். அம்மா ஒரே கவளத்தில் கண்டுபிடித்தார். அன்று மூன்று சாப்பிட்டார். ஜாடியில் பாதியையும் காலி செய்தார்.

இப்போது யுனிவர்சிட்டி பூலவார்டு, 2017இல் தொடங்கிய இரயில் பாதை வேலையால் பல ஆண்டுகளாகத் தோண்டிக் கிடக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லாமல் சில கடைகள் மூடிவிட்டன, இரயில் ஓடத் தொடங்கினால் வாடகை ஏறும் என்று மற்றவை அஞ்சுகின்றன. இரண்டு டாலருக்குச் சாப்பிட்ட புபூசா மூன்றரை ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் போகிறோம். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அம்மா, என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தச் சுக்குட்டித் தழை அடைக்கடைக்காரம்மா நன்றாக இருக்கிறார்களா என்று கேட்கிறார்.

சென்ற மாதம் அம்மா வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். மக்காச்சோள மாவு சரிப்படாது என்று நான் பட்ட பாட்டைச் சொல்லியிருந்ததால், இடியாப்பத்துக்கு அரைத்த அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, உள்ளே தழையும் பன்னீரும் வைத்து, கையாலேயே தட்டிச் சுட்டிருக்கிறார். அருமையாக வந்ததாம். இதை அடுத்த சனிக்கிழமை பரிமாறும் பெண்ணிடம் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்து உரத்த குரலில் மொழிபெயர்த்தார். தட்டும் ஓசை நின்றது. அரிசி மாவில் புபூசா செய்வது தலைநகரிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் இருக்கும் ஒலோக்குயில்தா என்ற ஊரின் கைவண்ணம். நாடு முழுவதும் அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் அதை விற்கிறார்கள். அக்கா கையிலிருந்த மாவு உருண்டையோடு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்க, மொத்தக் கடையும் சிரித்தது.

“உங்கள் அம்மா ஒலோக்குயில்தாக்காரரா என்று கேட்கிறார்.”

அன்று இரவே அம்மாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அது எந்தப் பக்கங் கண்ணு, அந்தியூரத் தாண்டியா?”